சந்தனத்துக்கு அடியில் சிவப்பு விளக்கு

போன சனிக்கிழமை, மட்டாஞ்சேரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த என் மச்சினன் ஒரு பெட்டியின் நெற்றியை நகத்தால் சுரண்டினான். சுரண்டியதும் அவன் முகம் மாறிவிட்டது.

பெட்டி என்றால், உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டி. ஒன்றில் பதிவது அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். காக்கநாட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் இந்த மச்சினன்தான் வாங்கி வைத்தான். என் மனைவி வசந்தா, மலையாளம் மட்டுமே எழுதத் தெரிந்த இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள். அவள் வருஷக்கணக்காக எடுத்த பாட வீடியோ மொத்தமும் அதில்தான். வேறெங்கும் இல்லை. எதற்கு? அதான் ரெண்டு இருக்கிறதே...

வீடியோ திறக்கவே இழுக்கிறது என்று வசந்தா சொன்னதால் பார்க்க வந்திருந்தான்.

ஒவ்வொரு டிஸ்குக்கும் முன்பக்கம் ஒரு குட்டி விளக்கு. பச்சை என்றால் சௌக்கியம். சிவப்பு என்றால் போச்சு. சரஸ்வதி பூஜைக்கு எங்கள் வீட்டில் புத்தகம், லேப்டாப், மோடம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. பெட்டிக்கும் உண்டு. பொட்டு வைக்க வாகாக இரண்டு வட்டம் இருக்கும்போது வேறெங்கே வைப்பாள்? பூஜைக்கு வைத்ததை யாராவது துடைப்போமா? டிஸ்க் எப்போது செத்ததோ, சந்தனத்துக்குள் சிவப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"ஒண்ணு போனா பீப் பீப்னு கத்தும்னு சொன்னியேடா?" என்றேன்.

"அதை நான் அன்னிக்கே ஆஃப் பண்ணிட்டேன் அத்திம்பேரே. அக்கா கிளாஸ் எடுக்கறச்சே டிஸ்டர்ப் ஆகுமோல்லியோ."

இவனை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

அதைவிட மோசம் — மிச்சமிருந்த டிஸ்கும் டிக் டிக் என்று முனகியது. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி ரெண்டு வாங்கியிருக்கிறான் மகானுபாவன். புது டிஸ்கைப் பொருத்தினால் பழையது தன்னிடம் உள்ளதையெல்லாம் மூச்சுவிடாமல் அதற்குக் கொடுக்க வேண்டுமாம். நடுவில் அதுவும் போனால் எல்லாம் அம்பேல். ஆகவே முதலில் பாடங்களைத் தனியாக நகல் எடுப்போம், பிறகு பொருத்துவோம் என்றான். பிராட்வே கடைத்தெருவுக்கு ஓடி, நகலுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என இரண்டு டிஸ்க் வாங்கி வந்தோம்.

நகல் ஓடியது... நின்றது... மறுபடி ஓடியது. "சாரமில்லே அக்கா, ஒண்ணும் ஆகாது" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். வசந்தா வந்து சேர்ந்த பாடங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் எல்லாம் வந்து சேர்ந்தது, ஒரே ஒரு பாடத்தைத் தவிர. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அப்புறம்தான் புது டிஸ்கை உள்ளே தள்ளினோம்.

யோசித்துப் பார்த்தால் எங்கேயும் இதுதான் கதை. ரெண்டு பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தர் படுத்துவிட்டால் மற்றவர் சேர்த்து இழுப்பார். வேலை நடக்கும். நடக்கிறதே என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆபீஸில் அப்படி, கடையில் அப்படி... வீட்டில்?

காபியோடு வந்த வசந்தாவிடம், "உனக்கு உடம்பெல்லாம் சௌக்கியம்தானே?" என்று கேட்டேன்.

"ஓணத்துலேர்ந்து முழங்கால் முட்டு வேதனை. தெனம் உங்க முன்னாலதானே சுவரைப் பிடிச்சுண்டு மாடி ஏறறேன்."