நோயாளி வேஷத்துக்கு நான்தான்

மனநோய் பற்றிய எங்கள் தெருநாடகத்தில் நோயாளி வேஷம் எனக்கு. போட்டிக்கு யாரும் வரவில்லை. மற்றவர்கள் அதை நடித்துத்தான் காட்ட வேண்டும்; நான் சில வருடங்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவன். காதுக்குள் யாரோ பேசுவதும், நான் அதற்குப் பதில் சொல்வதும், பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொள்வதுமாக நடந்த ஒத்திகை. இப்போது மாத்திரையில் ஓடுகிறது வண்டி. கை மட்டும் லேசாக நடுங்கும். ஊர் ஊராக அதையும் நடிப்பென்று பாராட்டினார்கள். கிடைக்கிற பேரை விடுவானேன் என்று நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கோமாளியாகத்தான் ஆடுவேன். முகத்தில் வெள்ளைச் சாயம், மூக்கில் சிவப்பு. சோகமாக நடித்தால் கூட்டம் பஸ் ஏறப் போய்விடும் என்பது என் கட்சி. மந்திரவாதி வேப்பிலையால் அடிக்க வரும்போது அவனையே மூச்சிரைக்க ஓட வைப்பேன். கடைசியில் டாக்டர் வருவார், மாத்திரை தருவார், நான் தேறி வேலைக்குப் போவேன். டாக்டராக வருபவர் தர்மபுரியில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவர். வெள்ளைக் கோட்டுக்குப் பொருத்தமான தொப்பை எங்களில் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

போன வருடம் மாரண்டஹள்ளியில் ஆடி முடித்ததும், தக்காளி மண்டியில் வேலை செய்யும் ஓர் அம்மா வந்தார். என்னைத் தாண்டி நேரே டாக்டரிடம் போனார்.

“சார், எம்பையனும் இந்தத் தம்பி மாதிரிதானுங்க. தானாப் பேசிக்கறான், வூட்ட வுட்டு வெளிய வரமாட்டேங்கறான். நீங்க ஒருதரம் வந்து பாத்து அந்த மாத்திரையக் குடுத்துருங்க. இல்லீன்னா அவங்கப்பா கோயில்ல கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடறேங்கறாரு.”

டாக்டருக்கு வியர்த்துவிட்டது. “அம்மா, நான் டாக்டர் இல்லீங்க. செல் கடை வெச்சிருக்கேன். பையனை தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, அங்க நல்லாப் பாப்பாங்க.”

அந்த அம்மாவின் முகம் வாடியது. “அப்ப எல்லாமே நாடகந்தானுங்களா?”

நான் குறுக்கே போனேன். “அக்கா, அவருதான் டூப்பு. நான் அசல். எனக்கும் உங்க பையன் மாதிரியேதான் இருந்துச்சு. தெனமும் மாத்திரை போடறேன், இப்ப நல்லாருக்கேன்.”

அந்த அம்மா சிரித்தார். “போங்க தம்பி. இவ்ளோ நேரம் சிரிக்க வெச்சது பத்தலீங்களா?”

சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். “இதைத்தான நாடகத்துலயே காட்டுனீங்க” என்றார். நடுங்குகிற கையை நீட்டினேன். “அதும் நல்லாச் செய்யறீங்க” என்றார். மனமாரத்தான் சொன்னார். செல் கடைக்காரர் எனக்காகச் சத்தியம் செய்தார். சற்றுமுன் டாக்டர் பதவியை இழந்தவரின் சத்தியத்துக்கு என்ன மதிப்பு? அதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்த அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தபடியே போனார்.

அடுத்த வாரம் சாயமில்லாத முகத்தோடு மண்டிக்குப் போய் விசாரித்தேன். “அது வேலைக்கு வர்றதில்லீங்க. பையனை எங்கியோ கோயில்ல வுட்டுட்டு, அதும் கூடவே தங்கிருச்சாம்” என்றார் கூடை கட்டிக்கொண்டிருந்த ஒருவர். எந்தக் கோயில் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அன்று மாரண்டஹள்ளியில் ஆட்டம் முடிந்தும் முகத்தைக் கழுவாமல் நின்றது வேறெதற்கும் இல்லை. செல்ஃபி எடுக்க நாலு பேர் வருவார்களே என்ற ஆசை. இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்ததும் முதல் வேலையாக முகம் கழுவிவிட்டு, என் நோயைப் பற்றி வேடிக்கை இல்லாமல் சொல்கிறேன். பாப்பாரப்பட்டியில் அப்படிச் சொன்னபோது பக்கத்திலிருந்த பெரியவர் உடனே நம்பினார். நம்பிய கையோடு துண்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. மாரண்டஹள்ளி அம்மாவும் அப்படி என்னை நம்பி, பயந்து தள்ளி நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பையனை ஆஸ்பத்திரிக்காவது கூட்டிப் போயிருப்பார்.