கொழுந்தன் மாட்டிய பழைய கேஸ்கெட்

என் கணவரின் தம்பிக்கு ஒர்க்‌ஷாப்பில் 'இன்னொருதரம்' என்று பட்டப்பெயர். ஒரு நட்டை முறுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு பத்தடி நடந்துவிட்டு, திரும்பி வந்து அதே நட்டை இன்னொரு தரம் முறுக்கிப் பார்ப்பான். பக்கத்துப் பட்டறை வெல்டர் அவனைச் சீண்டாத நாள் கிடையாது.

"உனக்குக் கல்யாணம் ஆகாததே இதனாலதான்டா. பொண்ணைப் பார்த்துட்டு, இன்னொரு தரம் பார்க்கணும்னு சொல்லியிருப்ப."

"மூணு தரம் பார்த்தேன் மாமா. மூணாவது தரம் அவங்க என்னைச் சரியாப் பார்த்துட்டாங்க."

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். பிறகு பெட்ரோல் வண்டிகளுக்கு கேஸ் சிலிண்டர் பொருத்தும் இடத்தில் சேர்ந்தான். இப்போது நாற்பத்தொன்று. கேஸில் ஓடும் வண்டி எதற்கு, எஞ்சினில் கோளாறு என்று காட்டும் விளக்கு எரிந்தாலும் கடைசியில் அவனிடம்தான் வரும். கடைசியில் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குள் இரண்டு இடங்களில் ஆக்சிஜன் சென்சரை மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

அது அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காத விஷயம். புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எஞ்சினின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது மட்டும்தான் சென்சரின் வேலை. "அது பார்த்ததைச் சொல்லுது. திருடன் வேற எங்கேயோ இருக்கான். இவங்க சாட்சியைப் பிடிச்சு அடிக்கிறாங்க" என்பான்.

என் கணவர் சொந்தமாக ஒரு வேன் வைத்து அலுவலகம் போகிறவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கேஸ் வண்டி. ஒரு நாள் அதன் புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் போல்ட் உடைந்து, தம்பியிடம் கொண்டுபோனார். தம்பி போல்ட்டை மாற்றினான். இரண்டு இரும்புக்கு நடுவே புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டும். அன்று கடையில் அந்த அளவு இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்களை ஏற்ற வேண்டும். "பழசையே போடுடா, அடுத்த வாரம் வர்றேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் போட்டுக் கொடுத்துவிட்டான். அடுத்த வாரம் இவர் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தலை வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர்.

அன்றிலிருந்து தம்பி எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கேட்டிலேயே நிற்பான். வேண்டியதை வாங்கிக் கொடுத்துவிட்டு, "வர்றேன் அண்ணி" என்று போய்விடுவான். உள்ளே வா என்று கூப்பிட்டால் செருப்பைப் பார்ப்பான். அண்ணன் இல்லாத வீட்டைப் பார்க்க முடியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே அந்த வீட்டில் பார்க்க முடியாத பக்கங்கள் இருந்தன.

வேன் ஒரு மாதம் சும்மா நின்றது. அப்புறம் இவருடைய சிநேகிதர் ஒருவர், அவரும் ஓட்டுநர், எடுத்து ஓட்ட ஆரம்பித்தார். மூன்றாவது வாரத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. தம்பியிடம் கொண்டுபோயிருக்கிறார். அவன் வண்டியைத் தொட மறுத்துவிட்டான்.

"என்னம்மா இது? அண்ணன் வண்டிய தொட மாட்டேங்குறான். நான் என்ன, கன்னம் வெச்சுத் திருடியா எடுத்துட்டு வந்தேன்?" என்று ஓட்டுநர் என்னிடம் வந்து புலம்பினார்.

மறுநாள் காலை அவரோடு நானே வேனில் ஏறிப் போனேன்.

தம்பி எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"வேற இடத்துக்குக் கொண்டு போங்க அண்ணி."

"ஏன் தம்பி?"

"சொன்னாக் கேளுங்க."

"காரணத்தைச் சொல்லு, கேக்குறேன்."

ஓட்டுநர் டீ குடிக்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார். தம்பி வேனின் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் மாட்டினது பழைய கேஸ்கெட் அண்ணி. அதுல கசிவு இருந்திருந்தா புகை வண்டிக்குள்ள வந்திருக்கும். பெட்ரோல் வண்டின்னா நாறும், கண்ணு எரியும். கேஸ் வண்டில ஒண்ணும் தெரியாது. அந்தப் புகைல இருக்குற நஞ்சு முதல்ல தலைவலியாத்தான் காட்டும், அப்புறம் ஆளையே கொன்னுடும். அண்ணன் அன்னிக்கு தலைவலின்னுதானே சொன்னாரு?"

அந்தத் தலைவலிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் நான். தண்ணீர் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டவளும் நான்தான். இரண்டு மாதமாக இவன் எதைச் சுமந்துகொண்டு என் கேட்டில் நின்றான் என்பது அப்போதுதான் புரிந்தது.

"ஒருவேளை அப்படித்தான்னா?" என்றான்.

"அப்படித்தான்னா அப்படித்தான். பார்க்காம விட்டா, நீயும் நானும் சாகுற வரைக்கும் கேட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டே இருப்போம். பானெட்டைத் திற."

திறந்தான்.

முதலில், எஞ்சினின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டினான். புகையில் ஆக்சிஜன் அதிகம், எரிபொருள் போதவில்லை என்று சென்சர் சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "சென்சர் போச்சா? மாத்திடு தம்பி" என்றார். தம்பி வண்டியை கேஸிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டான். பெட்ரோலிலும் அதே புகார். அப்படியானால் கேஸ் வரும் வழியில் பிழை இல்லை. இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சரை ஏமாற்றுகிறது.

எஞ்சினை அணைத்து ஆறவிட்டான். சைலன்சரின் வாயில் காற்று ஊதும் குழாயைச் செருகித் துணியால் அடைத்தான். பிறகு சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்துக்கொண்டே வந்தான். முதல் இணைப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவன் கேஸ்கெட் மாட்டிய இடத்தில் குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு வந்தன.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெல்டர் தன் பட்டறையிலிருந்து வந்து பார்த்தார். அவருக்கும் கிண்டல் வரவில்லை.

"எத்தனை நாளா கசியுதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்விதான் அவனை எழுப்பியது. ஸ்கேனரை எடுத்து, விளக்கு எரிந்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்ற பக்கத்தைத் திறந்தான். முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். வண்டியின் மீட்டர் 84,400 காட்டியது. அதாவது 84,090-இல் விளக்கு எரிந்திருக்கிறது.

"அண்ணன் போனப்ப மீட்டர் எவ்வளவு இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றான்.

எனக்குத் தெரியும். ஓட்டுநர் இருக்கைக்கு மேல் வெயிலுக்கு மறைப்பாக மடக்கும் மட்டையைக் கீழே இழுத்தேன். இவர் ஒவ்வொரு முறை கேஸ் நிரப்பும்போதும் மீட்டரைப் பார்த்து அங்கே ஒட்டிய காகித டேப்பில் பேனாவால் எழுதி வைப்பார். கிறுக்காதீங்க என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கடைசி எண், அன்று மத்தியானம் எழுதியது: 83,050. ஐந்தின் தொப்பியை எப்போதும் போலத் தனியாகப் போட்டிருந்தார்.

அவர் போன பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் விளக்கு எரிந்திருக்கிறது.

ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். "போன வாரம் ஒரு வேகத்தடையில அடியில டமார்னு ஒரு சத்தம். சொன்னா ஏசுவீங்கன்னு..."

வெல்டர் உடனே குனிந்து வண்டிக்கடியில் தலையை விட்டார். "சைலன்சரைத் தாங்குற பட்டை புதுசா உடைஞ்சிருக்கு. உடைஞ்ச இடம் இன்னும் பளபளன்னு இருக்கு. மொத்த வெயிட்டும் அந்த ஜாயிண்டை இழுத்திருக்கு. டேய், உன் கேஸ்கெட் இல்லடா, இந்த மகராசன் ஓட்டின லட்சணம்!"

எனக்கு அது போதும். தம்பிக்குப் போதவில்லை.

"சின்னக் கசிவுக்கு விளக்கு எரியாது மாமா. முன்னாடியே கொஞ்சம் இருந்திருக்கலாம்."

"ஆரம்பிச்சுட்டான்யா" என்றார் வெல்டர். ஆனாலும் அவர்தான் போய், இரண்டு கடை தள்ளியிருந்த புகைப் பரிசோதனைக்காரரை மெஷினோடு இழுத்து வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, எல்லாக் கண்ணாடியும் ஏற்றி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் விசிறியை முழு வேகத்தில் வைத்து, மெஷினின் குழாயை உள்ளே விட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். நஞ்சு எவ்வளவு என்று காட்டும் கட்டத்தில் பூஜ்யம் நின்றது, அசையவில்லை.

"மெஷின் ஓடுதான்னு பாருங்க" என்றான் தம்பி.

பரிசோதனைக்காரர் பெருமூச்சு விட்டு, குழாயைக் கசியும் இணைப்புக்குப் பக்கத்தில் பிடித்தார். எண் ஒரே தாவாகத் தாவியது. மறுபடி உள்ளே விட்டார். பூஜ்யம்.

"இவ்வளவு பெரிய ஓட்டைக்கே உள்ள வரலை. சின்னதுக்கு எங்க வரும்?" என்றார் அவர். "இன்னும் பார்க்கணுமா?"

தம்பி மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு விரலால் அந்தப் பூஜ்யத்தைத் தொட்டான்.

"போதும்" என்றான்.

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. வெல்டர், "தேதி குறிச்சு வைங்கப்பா" என்றார்.

மத்தியானத்துக்குள் பட்டையை வெல்டர் ஒட்டிக் கொடுத்தார். தம்பி புது கேஸ்கெட் போட்டான். சென்சரைக் கழற்றவே இல்லை. ஸ்கேனரில் பிழையை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது, சென்சர் மறுபேச்சில்லாமல் சரியான கணக்கைச் சொன்னது. வெயில் மறைப்பு மட்டையை, டேப்போடு, மெல்ல மடக்கி மேலே வைத்தான்.

வேனில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். நான் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு குழாயடியில் கை கழுவும் சத்தம். சோப்புப் போட்டு ஒரு தரம், மறுபடியும் போட்டு இன்னொரு தரம்.

"அண்ணி, சோறு இருக்கா?" என்றான். "ரொம்பப் பசிக்குது."