எடைக்கு எடை மல்லாட்டை

பதினோரு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது, பன்னிரண்டில் போனது. போகும்போது கன்னங்களையும் வயிற்றையும் எனக்கே விட்டுவிட்டுப் போனது. தின்ற மாத்திரைகளில் ஒன்று, ஆளைப் பூசணிக்காயாக்கும் வகை. திண்டிவனத்தில் எங்கள் தெருவே வந்து கன்னத்தைக் கிள்ளி, "புள்ள தேறிட்டான்" என்று சான்றிதழ் கொடுத்தது.

நான் குச்சியாய்க் கிடந்தபோது அத்தை ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். பிழைத்தால் திருவக்கரை அம்மனுக்கு எடைக்கு எடை மல்லாட்டை. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். கோயிலுக்கு வெளியே ஒரு புளியமரக் கிளையில், மண்டியிலிருந்து கொண்டுவந்த தராசைச் சித்தப்பா தொங்கவிட்டார். ஒரு தட்டில் நான், மறு தட்டில் அரை மூட்டை மல்லாட்டை. என் தட்டு தரையைவிட்டு எழவில்லை.

"இன்னாண்ணே, புள்ளைய கூட்டிகினு வந்தியா, கன்னுக்குட்டிய ஓட்டிகினு வந்தியா?" என்றார் சித்தப்பா அப்பாவிடம். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா பெருமையோடு இன்னும் அள்ளிக் கொட்டினார்.

தட்டு எழுந்தது. அப்போதுதான் சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். சித்தப்பா கிளையை அண்ணாந்து பார்த்தார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார். இரண்டும் சரியாகவே இருந்தன.

"அம்மா உத்தரவு குடுத்துட்டாடா!" என்று அத்தை கற்பூரம் ஏற்றினாள்.

உத்தரவு என் இடது இடுப்புக்குள்ளிருந்து வந்தது எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் மறுபடி சென்னை, மறுபடி முதுகில் ஊசி. சிரித்துவைத்தேன். முகம் அகலமாக இருந்ததால் சிரிப்பும் தாராளமாகத் தெரிந்திருக்கும்.

பிறகு பக்கத்தில் விழுந்து கிடக்கும் கல்மரம் பார்க்கப் போனோம். பட்டை, கணு, வளையம் எல்லாம் அப்படியே இருக்க, மரம் மட்டும் இல்லை, முழுக்கக் கல்.

"எப்பவோ செத்துப்போச்சிடா. பாத்தா தெரியுதா பாரு," என்றார் அப்பா.

காலை இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் உட்கார்ந்தேன். மறுபடி அதே சத்தம். இம்முறை கல்லா, நானா என்று எனக்கே சந்தேகம்.

"இன்னாடா சத்தம்?"

"மரம்பா."

அப்பா மண்டியிட்டு, கல்லில் காதை வைத்து, மூச்சடக்கி வெகுநேரம் கேட்டார்.

இடுப்புக்குள் பொருந்தும் தொடையெலும்பின் தலை செத்துவிட்டதென்று விழுப்புரத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டியது அதற்கப்புறம்தான். காது வைக்கவேண்டிய இடம் ஒரு சாண் மேலே இருந்தது என்று அன்று அப்பாவுக்குத் தெரியாது. என்னைப் பிழைக்கவைத்து, தட்டை நிரப்பிய அதே மாத்திரைதான் உள்ளே சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தது என்று எனக்கும் தெரியாது.