அப்பாவைக் கரையேற்றப் போன பயணம்

கடல் பார்ப்பதற்கென்று விமானம் ஏறிய முதல் குருநகர்க் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தால் கடல். யன்னலைத் திறந்தால் மீன் மணம். அப்படியிருக்க, அண்ணை பிரான்சிலிருந்து ரிக்கெற் எடுத்து அனுப்பினார், தாய்லாந்தில் இருக்கும் புக்கெட் தீவுக்கு. ஐந்து நாள். அப்பா, அம்மா, நான், அண்ணை.

தீவின் பெயரை நான் வெளியில் சொன்னதுதான் பிழை. என் கணவர் போனில் தேடிப் பார்த்தார். முதலில் வந்த படத்திலேயே சிவப்பும் நீலமுமாய் வெளிச்சம் போட்ட ஒரு தெரு, அதில் அரைகுறை உடுப்போடு ஆட்டம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாமாவையும் மாமியையும் உங்கையோ கூட்டிக்கொண்டு போறீர்?" என்று கேட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி, "அம்மாவைப் பத்திரமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அப்பாவையும்" என்றார். அந்த 'அப்பாவையும்' சொல்லும்போது அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியதை நான் கண்டேன். இறங்குதுறைப் பெடியள் அப்பாவை ஒரு கிழமை பகிடி பண்ணித் தீர்த்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அங்கை கடல் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றதும் சரி என்றார்.

உண்மைக் காரணம் வேறு. பங்குனி மாதம் ஒரு விடியற்காலை, தனியாக நண்டுவலை இழுத்துக்கொண்டு நின்ற அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. வலைக்கு மேலேயே சரிந்து கிடந்தவரைப் பக்கத்தில் வந்த வள்ளக்காரர்கள் கண்டு, வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தார்கள். இருதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்துவிட்டு, இனிக் கடல் வேண்டாம் என்றார் டொக்டர். அப்பா தலையாட்டினார். ஆறாவது கிழமை, ஆட்டிய தலையோடு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வயது எழுபத்தொன்று.

அண்ணை பாரிசிலிருந்து தினமும் எடுத்துக் கத்துவார். அப்பா போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போவார். நான் அழுது பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், இரண்டு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தும் பார்த்தேன். நான் கதைக்காமல் இருந்ததே அவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டில் அப்பாவின் பேச்சு அவ்வளவுதான். "தேத்தண்ணி." "படுக்கப் போறன்." மழை வந்தால், "மழை."

"ஊருக்கு வந்து கேட்டுப் பிரயோசனமில்லை, தங்கச்சி" என்றார் அண்ணை. "வள்ளம் அவரின்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்கும். வள்ளம் இல்லாத இடத்திலை வைச்சுக் கேக்கவேணும். நீயும் நானும் இல்லை, அம்மா கேக்கவேணும். அம்மா ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை. கேட்டால் மாட்டன் எண்டு சொல்லமாட்டார்."

அண்ணை சொன்னது சரி. எங்கள் வீடுகளில் கடலுக்கு இறங்குகிற ஆளிடம் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் ஆள் திரும்பாது என்று பயம். அம்மா நாற்பத்துநாலு வருடம் கேட்கவில்லை. தேத்தண்ணிப் போத்தலைக் கையில் கொடுப்பார், சிலுவை போடுவார், கதவைச் சாத்துவார். ஆள் திரும்பி வந்த பிறகாவது கேட்கலாம்தானே? அதுவும் இல்லை. கேட்காமல் இருந்து இருந்து வாய் பழகிப்போய்விட்டது. சேட்டில் எவ்வளவு உப்புக் காய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அன்றைக்கு என்ன பாடு என்று தெரிந்துகொள்வார். அந்த மனிசியைத்தான் நாங்கள் இரண்டு பேரும் கேட்கச் சொல்லி அனுப்பத் திட்டம் போட்டோம்.

அண்ணை எடுத்த இடம் தீவின் வடக்குப் பக்கம். அந்தப் படத்துத் தெரு எங்கேயோ தெற்கில் இருந்தது. எங்கள் பக்கத்தில் சவுக்கு மரங்கள், நீளமான வெறும் கடற்கரை, நாலைந்து சாப்பாட்டுக் கடைகள். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர் மெல்ல நடந்து போனார்கள். பின்னேரம் ஆனால் உள்ளூர்க் குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டன. ஊரில் எங்களைப் பகிடி பண்ணியவர்கள் வந்து பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். அம்மா மட்டும் இரண்டு நாள் அவதானமாகவே இருந்தார், எந்த மூலையிலிருந்து அந்த ஆட்டக்காரர் வரப்போகிறார்களோ என்று. பெட்டிக்குள் எங்களுக்குத் தெரியாமல் கருவாடு கொண்டுவந்திருந்தார். கடல் சூழ்ந்த தீவுக்குக் கருவாடு! அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அதில் பாதியைத் தின்றவரும் அவர்தான்.

அப்பாவுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடலுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. சாய்மணைக் கதிரையில் இருத்தினால் நுனியில் உட்கார்ந்தார், பஸ்சுக்குக் காத்திருக்கிறவரைப்போல.

மூன்றாம் நாள் காலை, தெற்கு முனையில் ஒரு மலையிலிருந்து பார்த்தால் மூன்று குடாக்கள் தெரியும் என்று அண்ணை கார் பிடித்தார். வழியில் அந்தத் தெருவும் வந்தது. பகல் ஒன்பது மணி. வெளிச்சம் ஒன்றும் இல்லை. கதிரைகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன, ஒருவர் தண்ணீர் அடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். கடைப் படியில் ஒரு பெண் குதி உயர்ந்த செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பொலித்தீன் பையிலிருந்து சோறு எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்துப் பூச்சு பாதி அழிந்திருந்தது. அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். முன்னால் ஒரு தள்ளுவண்டி நின்றதால் சாரதி ஹோன் அடித்தார். அப்பா பின்னாலிருந்து அவருடைய தோளைத் தட்டிவிட்டு அண்ணையிடம் சொன்னார்.

"அடிக்கவேண்டாமெண்டு சொல்லு, தம்பி. இரவுத் தொழில் செய்யிற சனம். இப்பத்தான் படுத்திருக்குங்கள்."

அம்மா மெல்லத் திரும்பி, சோறு தின்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தார். கார் நகரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். ஊர் முழுவதும் சிரித்த தெருவில் எங்கள் அப்பா கண்டது தன்னைப்போல ஆட்களைத்தான்.

நாலாம் நாள் வள்ளத்தில் போனோம். தீவுக்குக் கிழக்கே பெரிய குடா, தண்ணீருக்குள்ளிருந்து நேரே எழும்பி நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள், அடியில் கண்டல் காடு. பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. இப்படியொரு அழகை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் மாட்டேன். அப்பா பாறையைப் பார்க்கவில்லை, என்ஜினைப் பார்த்தார். நீண்ட தடியின் நுனியில் தண்ணீரைத் தள்ளும் காற்றாடியைப் பூட்டி, மறுநுனியில் லொறி என்ஜின் மாதிரி ஒன்றை வைத்திருந்தார்கள். வள்ளத்தின் முன்மூக்கில், அணியத்தில், பட்டுத்துணியும் பூமாலையும் கட்டியிருந்தது. அதன்மேல் கால் வைக்கவேண்டாம் என்று வள்ளக்காரர் கையால் காட்ட, அப்பா, இதையும் சொல்லவேண்டுமோ என்பதுபோலத் தலையசைத்தார்.

பாதி வழியில் பார்த்தால் அப்பா வள்ளக்காரருக்குப் பக்கத்தில். பாஷை தெரியாமல் இரண்டு பேரும் என்னதான் கதைத்தார்களோ, கொஞ்ச நேரத்தில் தடி அப்பாவின் கையில் இருந்தது. சாய்மணைக் கதிரையின் நுனியில் இருந்த மனிதர் அல்ல அது. தோள் விரிந்து, கழுத்து நிமிர்ந்து, தண்ணீரின் நிறம் மாறும் இடமெல்லாம் வள்ளத்தைச் சற்றே ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். வள்ளக்காரர் சிரித்துக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தார். அம்மா செம்மஞ்சள் மிதவைச் சட்டைக்குள் அமிழ்ந்துபோய், பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புருஷனையே பார்த்தபடி இருந்தார். கடலில் அவரைப் பார்ப்பது அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை.

அன்று பின்னேரம்தான் கேட்பதாக இருந்தது. அறைக்கு வந்ததும் அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கேக்கேலாது, தம்பி. நீ பாத்தனிதானே அந்த மனிசனை."

"அம்மா, உயிர் பெரிசோ உது பெரிசோ?" என்றார் அண்ணை.

"அவருக்கு ரெண்டும் ஒண்டுபோலை கிடக்கு."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. "அடுத்தமுறை சவமாக் கட்டி இழுத்துக்கொண்டு வருவினம். அப்ப பாத்துக்கொண்டு நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து, சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தோம், களவு செய்த பிள்ளைகளைப்போல. சவுக்கு மரத்துக்குக் கீழே கிடந்த நீளப் பலகை வாங்கில் அப்பா இருந்தார். அம்மா போய்ப் பக்கத்தில் இருந்தார். பிறகு ஏதோ சொன்னார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார், திரும்பிக் கடலைப் பார்த்தார். அவ்வளவுதான். அம்மா திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பிள்ளையள் கேக்கச் சொன்னவங்களோ எண்டார். ஓம், எனக்கும் அதுதான் விருப்பம் எண்டன். சரி, விடுறன் எண்டார்."

அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார். நாங்கள் வென்றுவிட்டோம். அன்று இரவு நல்ல நண்டு வாங்கித் தந்தார் அண்ணை. அப்பா நண்டைப் புரட்டிப் பார்த்து, "ஓடு மெல்லிசு" என்றார்.

மறுநாள் மத்தியானம் விமானம். காலை அண்ணை ஊராட்களுக்குக் கொடுக்கச் சவர்க்காரமும் சாவி வளையமும் வாங்கக் கடைக்குப் போனார். அப்பாவும் அம்மாவும் அதே வாங்கில் இருந்தார்கள். பெட்டி கட்ட அம்மாவைக் கூப்பிடலாமென்று நான் மணலில் நடந்து பின்பக்கமாகப் போனேன். கிட்டப் போனதும் கால் நின்றுவிட்டது. அம்மா கதைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, கனதூரம் போவியளோ? கரை தெரியுமோ?"

"சிலநேரம் தெரியும். கோயில் கோபுரம் தெரியும்."

"பசிச்சால் என்ன சாப்பிடுவியள்?"

"நீர் கட்டித் தாறதை."

"மழை வந்தால்?"

"நனைவன்."

இனி அவர் கடலுக்குப் போகப்போவதில்லை. ஆகவே இனிக் கேட்கலாம். அம்மா நாற்பத்துநாலு வருடக் கேள்விகளையும் வரிசையாகக் கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எதிர்க்கரை மண்டபம் பக்கமாய் வள்ளத்தை ஒருமுறை அள்ளிக்கொண்டு போன காத்துக்கு எங்கே நின்றீர்கள், என்ஜின் பழுதான அன்றைக்கு எப்படி வந்தீர்கள், தண்ணீர் எவ்வளவு ஆழம். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒட்டுக்கேட்பது பிழை என்று தெரிந்தும் என்னால் போக முடியவில்லை.

"தனிய நிக்கப் பயமில்லையோ?"

"தனியவோ?" அப்பா சிரித்தார். "உம்மோடை கதைச்சுக்கொண்டெல்லோ நிக்கிறனான்."

"என்னோடையோ?"

"ஓம். வலை இழுக்கேக்கை, வள்ளம் ஓட்டேக்கை. பிள்ளையளைப் பற்றி, தாய்மாமன்ரை காணி வழக்கைப் பற்றி, காலிலை உமக்கு வீக்கம் எண்டு. எல்லாம் கதைப்பன். சத்தம் போட்டுத்தான். ஆர் கேக்கப்போகினம்?"

அம்மாவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"உதை வீட்டை வந்து கதைச்சிருக்கலாமே" என்றார். குற்றம் சொல்கிற குரல் அல்ல.

அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"வீட்டிலை நீர் இருப்பீரெல்லோ" என்றார். "உம்மைப் பாத்தால் எனக்குக் கதை வராது."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று அவ்வளவு துள்ளினோமே, அண்ணையும் நானும். இந்த மனிதர் இவ்வளவு காலமும் கதைத்த ஒரே இடத்தையும் பிடுங்கிவிட்டோம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் நிறுத்தத்தான் சொல்லியிருப்போம். அதுதான் இன்னும் வலிக்கிறது.

அம்மா வாங்கில் மெல்ல அசைந்தார். ஒரு காலைத் தூக்கி, மற்றக் காலைத் தூக்கி வாங்குக்குப் பின்பக்கம் போட்டு, சீலையை இழுத்துவிட்டு, முழுவதுமாகத் திரும்பி அப்பாவுக்கும் கடலுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது அவருக்கு முன்னால் கடல் இல்லை, வெறும் சவுக்குக் காடு. கண்ணீர் வழிந்த முகம் எனக்கு நேரே தெரிந்தது. என்னைக் கண்டும் காணாததுபோல இருந்தார்.

"நான் இஞ்சை இல்லை," என்றார் அம்மா. "இனிக் கதையுங்கோ."

அப்பா தொண்டையைச் செருமினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காத தூரத்துக்கு வேகமாக நடந்தேன்.