நகப்பூச்சு பூசிய மூடி

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. கார்த்திகை பிறந்தது, மழை விட்டது.
2. ஜன்னலோர அவரைக்கொடிகளின் அடியிலைகள் மஞ்சளாயின.
3. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றினோம்.
4. இன்னும் மஞ்சளாயின. இன்னும் ஊற்றினோம்.
5. அக்கா ஒரு வெள்ளை பெயின்ட் டப்பா மூடியின் ஒரு பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சைப் பூசி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள்.

அக்கா எனக்கு உறவில்லை. ஒரகடம் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை அறைகளில் கடைசி அறை அவளுடையது. தென்காசிப் பக்கத்துக்காரி, கார் சீட்டுக்கு உறை தைக்கும் வேலை. நான் டிப்ளமோ முடித்து வேறொரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். எதிர் அறையில் இன்னொரு பெண். மூவருக்கும் மூன்று ஷிஃப்ட். ஊரில் இருக்கும் மகளுக்கு மாலையில் போனில் பாடம் சொல்லித் தர வேண்டும் என்பதால் அக்கா இரவு ஷிஃப்ட்டையே கேட்டு வாங்கிக்கொள்வாள். பகலில்தான் தூக்கம். அவள் அறையின் ஒரே ஜன்னல் பின்பக்கத்து மண்தரையைப் பார்த்துத் திறக்கும். அங்கே சிமெண்ட் போட்டு பைக் நிறுத்த விடப்போவதாக வீட்டுக்காரம்மா சொன்ன அன்று அக்கா சாப்பிடவில்லை. "பகல்ல காதுப்பக்கம் பைக்கை உறுமவிட்டா எப்படிட்டி தூங்குதது? மிஷின் முன்னால கண்ணு சொக்குனா வெரலுல்லா போயிரும்" என்றாள்.

அதனால்தான் தோட்டம். செடி கொடி பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பீடி சுற்றிய குடும்பம். எங்களுக்கும் தெரியாது. அவள் போய்க் கேட்டதும் வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். "தோட்டமா? சர்தான். தை பொறக்கறதுக்குள்ள காய் என் கொழம்புல வேவணும். இல்லாங்காட்டி சிமெண்டுதான், சொல்டேன்." ஆடியில் விதை ஊன்றினோம். ஐப்பசி மழையில் கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறியது. அதன் பிறகுதான் மஞ்சள்.

தீபத்தன்று மூவருக்கும் விடுமுறை. ஒரே வெளிச்சத்தில் மூவரும் ஒன்றாக நின்றதே அபூர்வம். கொடிகளின் அடியில் அகல் விளக்கு வைக்கலாம் என்று அக்கா குனிந்தாள். விளக்கு நிற்கவில்லை. மெல்லச் சாய்ந்து, எண்ணெய் சிந்தி, சேற்றில் அமிழ்ந்து அணைந்தது. மழை விட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தபோது என் கையில் ஒரு வாளி, எதிர் அறைப் பெண்ணின் கையில் ஒரு வாளி. "நீயும் ஊத்துதியா?" என்றாள் அக்கா. அப்போதுதான் விளங்கியது. காலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து அக்கா ஊற்றியிருக்கிறாள். மாலையில் நான். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து வந்து அந்தப் பெண். மஞ்சள் இலையைப் பார்த்த ஒவ்வொருவரும், மற்ற இருவரும் மறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறோம். பனிக்காலத்தில் மண் சீக்கிரம் காயாது என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. விளக்கோடு வந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, அவரை போட்டீங்களா, நாத்து வுட்டுகினு கீறீங்களா?" என்றார். எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் மூடி தொங்கியது. தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்ட்டுக்கு இயந்திரத்தின் நிலையைச் சொல்ல அட்டையைத் திருப்பி வைப்பார்கள், அதே முறை. சிவப்பென்றால் மண்ணில் ஈரம் இருக்கிறது, தொடாதே. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால்தான் வெள்ளைப் பக்கம், அப்போது ஊற்றலாம். "அக்கா, அது என் புது பாட்டில்!" என்று எதிர் அறைப் பெண் அலறினாள். "நகத்துல பூசிக்கிட்டு லைனுக்குப் போனா விடுவானா? செடிக்காவது ஒதவட்டும்" என்றாள் அக்கா. ஊற்றாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் கை தானாக வாளிக்குப் போகும். மூடியைப் பார்த்ததும் திரும்பிவிடும். சுவரோரம் இரண்டு கொடிகள் அழுகிப்போயின. ஜன்னலில் ஏறியது மட்டும் தாக்குப்பிடித்தது. மார்கழிப் பனியில் ஊதா நிறத்தில் பூ வைத்தது. பிஞ்சுகளில் அசுவினிப் பூச்சி அப்பியபோது அக்கா தூக்கத்தை விட்டு உட்கார்ந்து, ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

போகிக்கு முன்பே ஒரு கிண்ணம் நிறையக் காய் கொண்டுபோய்க் கொடுத்தோம். வீட்டுக்காரம்மா ஒரு காயை ஒடித்து, நார் உரித்து, முகர்ந்து பார்த்தார். "பார்க்கிங்க ரோட்டாண்ட போட்டுக்கறேன் போ" என்று உள்ளே போய்விட்டார். அன்று பகலில் அக்கா விட்ட குறட்டை என் அறை வரை கேட்டது.

மூடியில் நகப்பூச்சு இப்போது ஓரங்களில் உதிர்ந்திருக்கிறது. அக்கா மகளை அழைத்துவந்து பக்கத்து ஊரான வடக்குப்பட்டில் தனி வீடு எடுத்திருக்கிறாள், பகல் ஷிஃப்ட். போன் செய்தால் முதலில், "மூடி எந்தப் பக்கம்ட்டி?" என்றுதான் கேட்பாள். இந்தக் கார்த்திகைக்கு அவரையோடு மிளகாயும் கத்தரியும் இருக்கின்றன. பைக்குகள் ரோட்டோரம் நிற்கின்றன. கடைசி அறைக்கு இரவு ஷிஃப்ட் பார்க்கும் புதிய பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். இன்று மூடி சிவப்புப் பக்கம். அவள் தூங்குகிறாள்.