லேஞ்சி கட்டிய ஹாஜியார்

ஒரு புத்தகத்தைத் தெரியாது என்று சொன்னவன் நான். என் கையாலேயே கொழும்பில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கல்முனைக்குக் கொண்டுவந்த புத்தகம். பெற்றார் நிறைந்த கூட்டத்தில், பள்ளிக்கூட அதிபர் கதிரையில் இருந்துகொண்டு, "இது எப்படி நம்மட பள்ளிக்கூடத்துக்கு வந்ததெண்டு எனக்குத் தெரியாது" என்றேன். அந்தப் பொய்யைச் சுமந்தவர் முதலாம் வகுப்பு டீச்சர்.

அது நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் கதைப் படப்புத்தகம். சிவப்பு உடுப்பும் வெள்ளைத் தாடியும் தலையில் தொப்பியுமாக ஒரு முதியவர், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனியில் வீடுவீடாகப் போய்ச் சாமான் கொடுக்கிறார். கடைசி வீட்டில் மூட்டை வெறுமையாகிவிடுகிறது. அங்கே குளிரில் நடுங்கும் ஆட்டுக்குட்டிக்குத் தன் தொப்பியையே படுக்கையாகக் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு திரும்புகிறார். அவ்வளவுதான். எழுத்து ஆங்கிலம், டீச்சர் படங்களைக் காட்டித் தமிழில் சொல்லுவார்.

எங்கள் பிள்ளைகள் நத்தார் பாப்பாவைக் கண்டதில்லை. தாடி, தொப்பி, ஊருக்கெல்லாம் கொடுக்க ஒரு மூட்டை என்றால் அவர்கள் அறிந்த ஆள் ஒருவர்தான்: மக்காவிலிருந்து திரும்பி வரும் ஹாஜியார். மூட்டையில் பேரீச்சம்பழம் இருக்கிறது என்றும், வானத்திலிருந்து விழுவது இலவம்பஞ்சு என்றும் அவர்களாகவே முடிவுகட்டினார்கள். டீச்சர் திருத்தவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் அந்தத் தாடியை விரலால் தடவித் தடவி, வெள்ளைத் தாடி பழுப்பேறிக் கிடந்தது.

ஒருநாள் நான் வகுப்பு வாசலில் நின்றபோது ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், தொப்பியக் குடுத்திட்டா ஹாஜியார் எப்படித் தொழுவார்?"

டீச்சர் யோசிக்கவே இல்லை. கையிலிருந்த கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினார். "லேஞ்சியத் தலையில கட்டிட்டுத் தொழுவார் மகள். ஒங்கட வாப்பாவும் கட்டுறல்லயா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சிரித்துவிட்டுத்தான் பொய் சொன்னேன்.

அந்தக் கேள்வி பிள்ளையோடு வீட்டுக்குப் போனது. வாப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து புத்தகத்தைக் காட்டச் சொன்னார். கூட்டம் கூடியது. "இது ஹாஜியாரா? நத்தார் பாப்பா! எங்கட புள்ளைகள ஏமாத்துறீங்களா?" என்று அவர் உரத்துக் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பதவியைப் பார்த்தேன்.

டீச்சர் எழுந்தார். வாங்கி வந்தது யார் என்று அவருக்குத் தெரியும். என் பக்கம் கையை நீட்டவில்லை. "ஓம், நான்தான் வாசிச்ச. கையில இருக்கிறதயெல்லாம் குடுத்திட்டுப் போற மனிசன்ட கதை அது. நாளைக்கும் வாசிப்பன்."

அந்த மறுநாளை அவருக்குக் கிடைக்காமல் செய்தேன். புத்தகம் அலுவலக அலுமாரிக்குள் போய், கறையானுக்கு இரையானது. டீச்சர் என் சிபாரிசிலேயே வரிப்பத்தான்சேனைக்கு மாற்றப்பட்டார். ஓய்வு பெறும்வரை வயல்வெளிகளைக் கடந்து, பஸ் மாறி மாறிப் போய்வந்தார்.

ஆனால் அந்தப் புத்தகம் என்னைவிடப் பிடிவாதமானது. இன்றும் டிசம்பர் பிறந்தால் கல்முனைப் புத்தகக் கடைக் கண்ணாடிக்குள் அதே அட்டையோடு வந்து நிற்கிறது. வெள்ளைக்காரன் வியாபாரம் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வியாபாரம் ஒரு புத்தகத்தைக் கடைவரைதான் கொண்டுவரும். தாடியைத் தடவ வைக்காது. எங்கெங்கோ உள்ள பிள்ளைகள் அந்தக் கிழவரைத் தங்கள் ஊர்க்காரராக்கிக் கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஹஜ்ஜுக்கே அனுப்பிவிட்டார்கள். நம் நம்பிக்கையை ஒரு படத்துத் தாடி அசைத்துவிடும் என்றால் அது என்ன ஈமான்? அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இன்று யாரிடமும் கேட்பேன்.

சென்ற வருடம் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். புத்தகத்தை என் பக்கமே தள்ளினார்.

"எனக்கு எதுக்கு சேர் இது? பொய்யக் கூட்டத்துலதானே சொன்னீங்க. அங்கயே போய்க் கதைங்க."

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பழைய அதிபர் என்று என்னைப் பேச அழைத்தார்கள். புத்தகத்தைத் தூக்கிக் காட்டி நடந்ததையெல்லாம் சொன்னேன். இது இனி முதலாம் வகுப்புக்கு என்றேன்.

"வயசு போனா மூளை கலங்கிரும்," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"மூளை கலங்கினது அப்ப, தம்பி. இப்பதான் தெளிஞ்சிருக்கு."

அவர் எழுந்து போனார். இன்னும் சிலர் பின்னால் போனார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தாய், மடியில் பிள்ளையோடு, கேட்டாள்: "சேர், மறுகா அந்த ஹாஜியார் லேஞ்சி கட்டித்தானே தொழுதார்?"

அன்று வகுப்பில் கேட்ட அதே சிறுமி. "ஓம் மகள்," என்றேன். மண்டபம் சிரித்தது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

டீச்சர் அந்த விழாவுக்கு வரவில்லை. "கேள்விப்பட்டன் சேர்" என்று போனில் சொன்னார். அதோடு வைத்துவிட்டார். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. எழுந்து போனவர் இன்றுவரை என் ஸலாமுக்குப் பதில் சொல்வதில்லை. புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். அது முதலாம் வகுப்பில் இருக்கிறது. போன கிழமை போய்ப் பார்த்தேன். தாடி பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது.