சில்லைப் பூட்ட மறுத்த வைத்திலிங்கம்

வைத்திலிங்கத்தின் ஊரான இணுவிலிலிருந்து வந்த பஸ் சாரதிதான் செய்தி கொண்டுவந்தார். நான் ஒரு லொறியின் அடியில் படுத்திருந்தேன். "வைத்தியண்ணை விடியப் போயிட்டார்" என்றார். எழுந்து கையைத் துடைத்துக் கராச் கதவைச் சாத்தினேன். வெறும் காய்ச்சல், எழும்பி வந்துவிடுவார் என்றே எல்லோரும் இருந்தோம்.

சாவகச்சேரிச் சந்தைக்கருகே நாங்கள் இருவரும் கூட்டாக நடத்திய கராச்சில் வண்டி திருத்தியவர்களுக்கு வைத்திலிங்கத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உரத்த குரல், தன் வேலையில் ஐயமே இல்லாத மனிதர். "ஏலாதெண்டால் நானே முதல் சொல்லுவன்" என்பார்.

இரண்டாம் உலக யுத்தத்தால் உதிரிப்பாகங்கள் வராதிருந்த காலம். கந்தப்பு முதலாளியின் லொறியில் பின்சில்லுகள் இரண்டும் ஒயில் கக்கின. பின் அச்சின் ஒயில் சில்லுப் பக்கம் வராமல் தடுக்கும் தோல் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று எண்ணி, வைத்திலிங்கம் தோலைக் கொழுப்பில் ஊறவைத்துத் தானே வளையம் வெட்டிப் போட்டார். அடுத்த கிழமையே மறுபடி கசிந்தது.

ஆடி அமாவாசையன்று காலை, கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போகும் உறவினரை லொறி நிறைய ஏற்றிவந்து, ஒருக்கால் பார்க்கச் சொன்னார் முதலாளி. வைத்திலிங்கம் ஒரு சில்லைக் கழற்றினார். பிறேக் கட்டைகள் ஒயிலில் ஊறிக் கிடந்தன.

"இதிலை ஆக்களை ஏத்த ஏலாது."

"துடைச்சுப்போட்டுப் பூட்டும். பின்னேரம் கொண்டுவந்து விடுறன்."

"துடைச்சாலும் பிறேக் பிடிக்காது. வழியிலை றெயில் கடவை இருக்கு. நான் பூட்டன்."

"நீர்தானே போன கிழமை திருத்தினது?"

"ஓம். என்ரை வேலை பிழைச்சுப் போச்சு. அதாலைதான் சொல்லுறன்."

இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்றார் முதலாளி. எங்களுக்கு வேலை தந்தவர்களில் அவரே பெரியவர். வைத்திலிங்கம் சில்லை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போது முதலாளியின் மனைவி நாகம்மா லொறியிலிருந்து இறங்கினார். பிறேக் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். "தன்ரை வேலை பிழைச்சதெண்டு தானே சொல்லுற மனிசன் ஏன் பொய் சொல்லப் போறார்? எல்லாரும் இறங்குங்கோ, பஸ்ஸிலை போவம்" என்றார்.

அன்று வைத்திலிங்கம் மதியம் சாப்பிடவும் எழும்பவில்லை. "புது வளையமும் கசிஞ்சால் பிழை வளையத்திலை இல்லை" என்று சொல்லியபடி அச்சு முழுவதையும் தடவினார். சூடேறிய காற்று வெளியேறுவதற்கு அதன் மேற்புறத்தில் சிறு துளையொன்று உண்டு. செம்மண் இறுகி அது அடைத்திருந்தது. போக வழியில்லாத காற்று, ஒயிலை வளையங்களுக்கூடாக வெளியே தள்ளியிருக்கிறது. கம்பியால் குத்தித் துளையைத் திறந்தார். வளையங்களைப் புதிதாக வெட்டிப் போட்டார். பிறேக் கட்டைகளில் ஒயில் ஊறிய பட்டிகளைக் கழற்றிப் புதியவை அடித்தார்.

"இப்ப நம்பலாமோ?" என்று கேட்டார், பின்னேரம் லொறியைப் பார்க்கத் திரும்பி வந்த முதலாளி.

வைத்திலிங்கம் மறுநாள் தன் மனைவியையும் பிள்ளைகளையும் அதே லொறியில் ஏற்றிக் கீரிமலைக்குப் போய் வந்தார். முதலாளி வீட்டு வாசலில் நிறுத்திச் சில்லின் உட்பக்கத்தைத் தடவி, விரலைக் காட்டினார். தூசிதான் இருந்தது. முதலாளி சிரித்துவிட்டார். அதன்பின் அந்த லொறி வேறு கராச்சுக்குப் போகவில்லை.

அவருடைய கருவிகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டேன். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, எவர் முன்னும் குரல் தாழாமல் தன் பிழையைச் சொன்ன அவருடைய துணிவை. செத்தவீடு முடிந்து கராச் திறந்த அன்று, நான் பூட்டிய தண்ணீர்ப் பம்பு ஒன்று ஒழுகியபடி திரும்பி வந்தது. பம்பின் சொந்தக்காரர் வாய் திறக்குமுன் சொன்னேன்: "என்ரை வேலை பிழைச்சுப் போச்சு. விட்டிட்டுப் போங்கோ, திருத்தித் தாறன்."